தூக்கிக் கட்டிய தார்ப்பாய்

அத்தியாயம் 5

"ஆல்டன் ஹாஸ்கெல்! எழுதிக்கோங்க. எழுத்துக் கூட்டிச் சொல்லணுமா?"

"வேண்டாம், மிஸஸ் பெல்கி. என்ன நடந்ததுன்னு முதல்ல சொல்லுங்க. யாருன்னு அப்புறம் பார்ப்போம்."

"யாருன்னு தெரிஞ்சாச்சு. நிரூபிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன். யோசிக்கறதுக்கு இல்ல."

வெர்னா பெல்கிக்கு அறுபத்தேழு வயது. முப்பது வருஷம் மார்டன் மில்ஸ் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவள். பின்சீட்டில் நடப்பதை ஓட்டுநர் கண்ணாடியிலேயே பார்த்துத் தீர்ப்பும் சொல்லிப் பழகியவள். அவள் கை இப்போது பக்கத்து வீட்டை நோக்கி நீண்டிருந்தது.

ஹெஸ்டர் லிபி அந்தக் கை காட்டிய திசையைப் பார்க்கவில்லை. முற்றத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் காப்பீட்டுக் கம்பெனிக்காக, தானாக எரிந்த வீடு எது, எரிக்கப்பட்ட வீடு எது என்று பிரித்துச் சொன்னவள் அவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பழக்கம் மட்டும் மாறவில்லை. முதலில் சரக்கு, பிறகு மனிதர்கள்.

முற்றத்தில் மூன்று பலகைத் தட்டுகள். தட்டுக்கு ஐம்பது பை. பைக்கு நாற்பது பவுண்டு பெல்லட். மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் பருமன்கூட இல்லாத குச்சித் துண்டுகள். குளிர்காலம் முழுவதும் வெர்னாவின் அடுப்பு தின்ன வேண்டிய தீனி. பக்கவாட்டுப் பைகள் எல்லாம் வயிறு உப்பி வெடித்து, ஊறிய தூளைக் கக்கிக்கொண்டிருந்தன.

"ஓட்ஸ் கஞ்சி மாதிரியே இருக்கு மேடம்," என்றான் ரெமி திபோடோ. "மேப்பிள் பாகு ஊத்தறதுதான் பாக்கி."

"யார் இந்தக் கோமாளி?" என்றாள் வெர்னா.

"என் உதவியாளர்."

"சம்பளம் குடுக்கறீங்களா?"

"பேசாம இருக்கிற நாளைக்கு மட்டும்."

"அதனாலதான் இன்னும் பழைய வண்டியே ஓட்டறேன்," என்றான் ரெமி. பனி வாரும் லாரி ஓட்டி முதுகு போனவன் அவன். வாய் மட்டும் போகவில்லை.

"சொல்லுங்க, மிஸஸ் பெல்கி."

"திங்கக்கிழமை கேலன் ஸ்ப்ரௌல் வந்தான். டவுன் ஆபீஸோட கட்டட ஆய்வாளர். பெரிய உத்தியோகம்! அதோ அந்த ஷெட்டு கதவுல சிவப்புச் சீட்டு ஒட்டினான். 'இதை உபயோகிக்கக் கூடாது'ன்னு. நான் சட்டத்தை மதிக்கிறவ. கூடாதுன்னா கூடாது. உள்ள இருந்த மூணு டன்னையும் வெளிய எடுத்து அடுக்கினேன்."

"தனியாவா? நூத்தம்பது பை?"

"கோபத்துல தூக்கினா எடை தெரியாது."

"தார்ப்பாய் போட்டீங்களா?"

"போட்டேனாவா? தரை வரைக்கும் நாலு பக்கமும் இழுத்து, அடியில சொருகி, கல்லு வெச்சேன். ஒரு எலி உள்ள போகாது. செவ்வாய்க்கிழமை பல் டாக்டரைப் பார்க்க பேங்கோர் போய் அக்கா வீட்டுல தங்கிட்டேன். அன்னைக்குப் பார்த்து மழை. புதன்கிழமை வந்து பார்க்கிறேன், அந்தப் பாவி தார்ப்பாயைத் தூக்கிக் கட்டிட்டான்!"

உண்மைதான். தார்ப்பாயின் நான்கு பக்கங்களும் மேலே சுருட்டப்பட்டு, வேட்டியை மடித்துக் கட்டியதுபோல் இறுக்கமாக நின்றன. மூடியிருந்தது தலைப்பாகம் மட்டும்.

"உங்க ரெண்டு பேருக்கும் என்ன தகராறு?"

"பதினோரு வருஷமா பேச்சு கிடையாது. நான் என் வாசல் பனியைத் தள்ளினா அது அவன் வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுதாம். பனிக்கு வேலி தெரியுமா?"

அப்போது டவுன் ஆபீஸின் பச்சை வண்டி வந்து நின்றது. இறங்கியவன் ஒல்லியாக, கையில் அட்டையும் அளவு நாடாவுமாக இருந்தான்.

"நினைச்சேன்," என்றாள் வெர்னா. "பிணம் விழுந்த இடத்துக்குக் காக்கா வந்தாச்சு."

"காலை வணக்கம், மிஸஸ் பெல்கி. இன்னைக்கு நாலு மணிக்கு உங்க ஷெட்டு விஷயமா முறையீட்டு போர்டு கூடுது. ஞாபகப்படுத்திட்டுப் போகலாம்னு வந்தேன்."

"இவனை அஞ்சாம் வகுப்புல பஸ்ஸை விட்டு இறக்கி நடக்க வெச்சேன்," என்று ஹெஸ்டரிடம் சொன்னாள் வெர்னா. "முப்பது வருஷம் அந்தக் கோபத்தைப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கான்."

"ரெண்டு மைல் நடந்தேன்," என்றான் கேலன். "ஆனா ஷெட்டு விஷயம் அது இல்ல."

"வேற எது? நூத்திருபது சதுர அடிக்குள்ள ஷெட்டு போட்டா பர்மிட் வேணாம்னு உன் ஆபீஸ் நோட்டீஸ்லயே போட்டிருக்கு. பத்துக்குப் பன்னிரண்டு. பெருக்கிப் பாரு."

"பர்மிட் வேணாம். சட்டம் வேணாம்னு போடலையே? பர்மிட் இருந்தாலும் இல்லாட்டியும் எல்லைக்கோட்டுல இருந்து பதினஞ்சு அடி தள்ளி இருக்கணும். உங்களுது ஒம்பது. இந்த ஊர்ல எல்லாரும் பண்ற தப்புதான். நீங்க மட்டும்தான் அதுக்காக என் மேல வாளி நிறையத் தண்ணி ஊத்தினீங்க."

"தள்ளிப் போட முடியாதா?" என்றாள் ஹெஸ்டர்.

"எங்க போட? அந்தப் பக்கம் பாறை. பின்னாடி கழிவுத் தொட்டி," என்றாள் வெர்னா. "பெல்லட்டை வீட்டு நிலவறையில வெச்சா தண்ணி ஊறும். இது ஒண்ணுதான் இடம்."

"யார் புகார் குடுத்தது, மிஸ்டர் ஸ்ப்ரௌல்?"

"யாரும் குடுக்கலை. ரோட்டுல போறப்ப கண்ணுல பட்டுது. ஷெட்டைக் காலி பண்ணுங்கன்னும் நான் சொல்லலை. இவங்களே வம்புக்கு எல்லாத்தையும் எடுத்து என் கண்ணுல படற மாதிரி ரோட்டோரமா அடுக்கினாங்க."

வெர்னா பார்வையை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஹெஸ்டர் அதைக் கவனித்தாள்.

"வழியே இல்லையா?"

"ஒரு வழி இருக்கு. பக்கத்து நிலத்துக்காரர் 'எனக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டா, போர்டு ஒம்பது அடிக்கு விதிவிலக்கு தரலாம். இல்லைன்னா சனிக்கிழமைக்குள்ள ஷெட்டு போகணும்."

"பக்கத்து நிலத்துக்காரர்னா..." என்று இழுத்தான் ரெமி.

பதில் வேலிக்கு அப்பாலிருந்து வந்தது.

"கையெழுத்தா? என் பிணத்துக்கிட்ட வந்து வாங்கிக்கச் சொல்லு!"

ஆல்டன் ஹாஸ்கெல் தன் வாசற்படியில், கையில் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார். எழுபது வயது. தாடி. காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி.

"கிட்ட வந்தா வாடை தாங்காது!" என்று கத்தினாள் வெர்னா. "உயிரோட இருக்கிறப்பவே தாங்கலை!"

கேலன் அட்டையில் எதையோ குறித்துக்கொண்டு, ஹெஸ்டர் கேட்ட சம்மதப் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

வெர்னா ஹெஸ்டரின் பக்கம் திரும்பினாள். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"கடைக்காரன்கிட்ட கடைசியா ரெண்டு டன் இருக்கு. நாளைக்குக் கொண்டு வரேங்கிறான். ஆனா கூரைக்கு அடியில வெக்கறதா இருந்தாத்தான் இறக்குவானாம். இன்னொரு தடவை நனைஞ்சா ஜனவரி வரைக்கும் சரக்கு கிடையாது. ஷெட்டு போச்சுன்னா நான் தண்ணிக் குழாயை எல்லாம் அடைச்சுட்டு, வீட்டைப் பூட்டிட்டு அக்காகிட்ட போகணும். நாப்பது வருஷமா இந்த வீட்டைப் பூட்டினதில்லை. அக்காவும் நானும் ஒரே வீட்டுல ஒரு குளிர்காலம் இருந்தா, வசந்தத்துல ஒருத்திதான் மிஞ்சுவோம்."

"அப்ப அவர் கையெழுத்து உங்களுக்கு வேணும்."

"வேணாம்! அவன்தான் பண்ணினான்னு நிரூபிங்க. குற்றவாளியோட ஆட்சேபணையை போர்டு எப்படிக் கேக்கும்? அதான் என் திட்டம்."

"அவர் ஆட்சேபணையைக் கேக்காம விடலாம். ஆனா கையெழுத்து இல்லாம விதிவிலக்கு எங்க இருந்து வரும்?"

வெர்னா வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"இந்தத் திட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு மேடம்," என்றான் ரெமி. "பனி வாரற லாரியையே உள்ள ஓட்டலாம்."

ஹெஸ்டர் குவியலைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். இரண்டாம் முறை நடந்தபோது குனிந்து குனிந்து பார்த்தாள்.

"ரெமி, உனக்கு ஒருத்தரைக் கண்டா ஆகாது. அவங்க பெல்லட்டைக் கெடுக்கணும். என்ன பண்ணுவ?"

"கத்தி. பைக்கு ஒரு கீறல். அஞ்சு நிமிஷம். வீட்டுக்குப் போய் சூடா ஒரு சூப்."

"இங்க கிழிஞ்ச பை எது?"

ரெமி தேடினான். "எல்லாம் உப்பி வெடிச்சதுதான். கத்தி பட்டது ஒண்ணும் இல்ல."

"தார்ப்பாயையே உருவி எறியலாமே?"

"எறியலாம். இன்னும் சுலபம்."

"இந்த ஆள் எறியலை. மடிச்சிருக்கான். மேல ரெட்டையாப் போட்டு, நடுவுல ஒரு பலகையை நிறுத்திச் சரிவு வெச்சிருக்கான், தண்ணி தேங்காம. எத்தனை முடிச்சு எண்ணு."

"பதினாலு... பதினாறு. எல்லாம் ஒரே அளவு. குறைஞ்சது ஒரு மணி நேர வேலை மேடம். அதுவும் காத்துல."

"மேல் வரிசைப் பைகளைத் தொட்டுப் பாரு."

ரெமி கையை உள்ளே விட்டான். முகம் மாறியது. "எலும்பு மாதிரி காஞ்சிருக்கு!"

"கெடுக்க வந்தவன் மேல் வரிசையை எதுக்குக் காப்பாத்தணும்?"

"ஒருவேளை பாதிக் கெட்டவனோ?"

ஹெஸ்டர் தார்ப்பாயின் மூலையைக் காட்டினாள். காற்றில் பறக்காமலிருக்க ஒவ்வொரு மூலையிலும் பிளந்த விறகுக் கட்டை ஒன்று கயிற்றில் தொங்கியது. நான்கும் மஞ்சள் பிர்ச் மரம். நான்கும் பட்டை மேலே பார்த்தபடி கட்டப்பட்டிருந்தன.

"வெர்னா வீட்டுல விறகு அடுப்பு கிடையாது," என்றாள் ஹெஸ்டர். "இது எங்க இருந்து வந்தது?"

ரெமி வேலிக்கு அப்பால் பார்த்தான். ஹாஸ்கெலின் கொல்லையில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கு, வேலி நீளத்துக்கு ஓடியது. அத்தனையும் மஞ்சள் பிர்ச். மேல் வரிசை முழுக்கப் பட்டை வானத்தைப் பார்த்தபடி.

"பிடிச்சுட்டோம்! அந்தக் கிழம்தான்! வெர்னாகிட்ட சொல்லிடலாமா?"

"என்னன்னு?"

"அவர்தான் பண்ணினார்னு."

"அது பாதி பதில். அந்தக் குவியல்ல இருந்து நல்லாக் காஞ்ச பையா ஒண்ணு தூக்கிக்கோ. வா."

"முதுகு மேடம், முதுகு..."

"இவ்வளவு பெரிய வாயைத் தூக்கற முதுகு ஒரு பையைத் தூக்காதா?"

*

ஆல்டன் ஹாஸ்கெல் வழியை மறித்து நின்றார்.

"போட்டிருக்கிற பலகையைப் படிக்கலையா? அந்நியர் நுழையக் கூடாது."

"படிச்சேன்," என்றான் ரெமி. "கையெழுத்து ரொம்ப அழகு. நீங்களே எழுதினதா?"

"யார்றா இவன்?"

"ஹாஸ்கெல், செவ்வாய்க்கிழமை நீங்க அந்தத் தார்ப்பாயைத் தொட்டீங்களா?" என்றாள் ஹெஸ்டர்.

"இல்ல."

"கட்டை உங்களுது."

"கட்டையில என் பேரா போட்டிருக்கு? பிர்ச் மரம் ஊர் பூரா இருக்கு. கிளம்பும்மா. அந்தப் பொம்பள குளிர்ல விறைச்சாலும் எனக்குக் கவலை இல்ல. இந்த ஊர் நல்லா இருக்கும், அமைதியா இருக்கும்."

ஹெஸ்டர் தலையாட்டினாள். பிறகு திரும்பி, அவருடைய விறகு அடுக்கைப் பார்த்தாள். மேலே மட்டும் ஒரு பழைய தகரம், அதன்மேல் தார்ப்பாய். பக்கங்கள் திறந்து கிடந்தன.

"அடடா, ரெமி. பெரியவரோட விறகு பக்கமெல்லாம் திறந்து கிடக்கு பாரு. மழை வர மாதிரி இருக்கு. அந்தத் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்து மூடிடு. கல்லு வெச்சு நல்லா அழுத்து."

"உத்தரவு!" என்று ரெமி பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பு.

"டேய்! விடுடா! விடுடா அதை!" காப்பி தளும்ப ஆல்டன் ஓடி வந்தார். "மூடாதடா முட்டாள்! மூச்சு முட்டும்டா! மேல மூடணும், பக்கத்துல காத்து போகணும். தரையில இருந்து ஈரம் ஏறி உள்ளேயே வேர்த்து, எல்லாம் பூசணம் பிடிச்சுப் போகும். இது தெரியாதா உனக்கு? அவளும் இப்படித்தான், பிணத்தைச் சுத்தற மாதிரி சுத்தி வெச்சிருந்தா..."

அவர் நிறுத்தினார்.

"அவளும்?" என்றாள் ஹெஸ்டர்.

ஆல்டன் ஒரு கையால் தார்ப்பாயை மறுபடி மேலே தள்ளினார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் காத்து ஒரு மூலையைப் பிச்சுடுச்சு. படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்தது. அவ வண்டியைக் காணோம். நான் ஜன்னலை மூடிப் பார்த்தேன். திரையைப் போட்டுப் பார்த்தேன். சத்தம் விடலை. போய்ப் பார்த்தா அந்தக் கூத்து. அடுக்கத் தெரியாதவ அடுக்கின அடுக்கு. அம்பது வருஷமா விறகு அடுக்கறவன் நான். சகிக்கலை. சரி பண்ணினேன். அவ்வளவுதான்."

"சரி பண்ணினீங்க."

"பின்ன? அவளை மாதிரி மூடி வெச்சா ஒரு வாரத்துல அழுகியிருக்கும்."

"பக்கத்துல மழை அடிக்குமேன்னு தோணலையா?"

"அடிக்கட்டுமே! பிளாஸ்டிக் பை. மழை எப்படி உள்ள போகும்? வேர்வைதான் வெளிய போகாது. அதுக்குத்தான் காத்து."

ஹெஸ்டர் ரெமியிடம் கண் காட்டினாள். ரெமி தான் தூக்கி வந்த பையின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

பை உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது.

"நான் இல்ல," என்றான் ரெமி. "சத்தியமா பைதான்."

"கையை வெச்சுப் பாருங்க, ஹாஸ்கெல்."

ஆல்டன் குனிந்து பையின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். ரெமி மறுபடி அழுத்தினான். காற்று அவர் கையில் பட்டது.

"பை பூரா ஊசித் துளை," என்றாள் ஹெஸ்டர். "அடைக்கறப்ப உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும்னு கம்பெனியே குத்தி அனுப்பறது. காத்து வர வழியில மழையும் போகும். செவ்வாய்க்கிழமை வடகிழக்குல இருந்து மழை படுக்கை வாட்டுல அடிச்சது."

"பிளாஸ்டிக் பைக்கு எவன்டா துளை போடுவான்!"

ஹெஸ்டர் பையின் ஓரத்தைக் கிழித்தாள். ஒரு பிடி பெல்லட்டை எடுத்து அவருடைய காப்பிக் கோப்பைக்குள் போட்டாள்.

"ஏய், என் காப்பி..."

"பாருங்க."

குச்சிகள் மிதந்தன. பிறகு பருத்தன, பிளந்தன. காப்பி இருந்த இடத்தில் கோப்பையின் விளிம்புவரை பழுப்புக் களி நின்றது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"விறகு நனைஞ்சா காயும்," என்றாள் ஹெஸ்டர். "இது நனைஞ்சா செத்துது. அவ தரை வரைக்கும் மூடினது சரி. நீங்க சரி பண்ணினதுதான் தப்பு."

ஆல்டன் கோப்பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலில் களி ஒட்டி வந்தது. அதைத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். மறுபடி துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு போச்சு?" என்றார்.

"மேல் வரிசை நீங்கலா எல்லாம்."

"குளிர்காலம் பூராவுமா?"

"ஆமா. நாளைக்குக் கடைசி ரெண்டு டன் வருது. வெக்கக் கூரை இருந்தாத்தான்." ஹெஸ்டர் கோட்டுப் பையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்தாள். காலையில் கேலன் கொடுத்துவிட்டுப் போனது அது.

ஆல்டன் பேனாவை வாங்கினார். ஒரு விறகுக் கட்டையின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். காகிதத்தைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நிபந்தனை. வெறுப்புல பண்ணினேன்னு அவகிட்ட சொல்லு."

"என்னது?" என்றான் ரெமி.

"வேணும்னே கெடுத்தேன்னு சொல்லு. அவளுக்கு உதவி பண்ணப் போய்க் கெடுத்தேன்னு மட்டும் வெளிய வரக் கூடாது."

"அவங்க ஷெரீஃப்கிட்ட போவாங்களே!"

"போகட்டும். ஷெரீஃபைச் சமாளிப்பேன். காலையில கடைக்குக் காப்பி குடிக்கப் போனா, 'அம்பது வருஷம் விறகு அடுக்கினவன் காத்தோட்டமா வெச்சு மூணு டன்னைக் கொன்னான்'னு அத்தனை பேரும் சிரிப்பானுங்க. சாகிற வரைக்கும் சிரிப்பானுங்க. அதுக்கு ஜெயில் தேவலை."

"பொய் நான் சொல்ல மாட்டேன்," என்றாள் ஹெஸ்டர். "ஆனா உண்மையை என் வாயால சொல்ல மாட்டேன். போதுமா?"

காகிதம் கை மாறியது.

வண்டிக்கு நடக்கும்போது ரெமி கேட்டான்: "இது நல்ல முடிவா மேடம், கெட்ட முடிவா?"

"முடிவே இல்ல. நாலு மணிக்கு போர்டு இருக்கு."

*

டவுன் ஆபீஸ் கூடத்தில் மடக்கு நாற்காலிகள். ஊர்க்காரர்கள் பதினைந்து பேர், வேறு வேலையில்லாமல். போர்டில் ஐந்து பேர். நடுவில் தலைவி நோரா கிரிண்டில், கையில் சின்ன மரச் சுத்தியல். வெர்னா முன்வரிசையில். ஆல்டன் கடைசி வரிசையில், கதவோரம்.

"சம்மதப் படிவம் வந்திருக்கு," என்றாள் நோரா. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி மறுபடி படித்தாள். "ஆல்டன் ஹாஸ்கெல்?"

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வெர்னா திரும்பி முதலில் ஆல்டனைப் பார்த்தாள், பிறகு ஹெஸ்டரை.

"ஒரு ஆட்சேபணை," என்று கேலன் ஸ்ப்ரௌல் எழுந்தான். "இன்னைக்குக் காலையில, 'கையெழுத்தை என் பிணத்துக்கிட்ட வாங்கிக்கோ'ன்னு இவர் சொன்னதை நான் காதால கேட்டேன். எழுதியே வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் இந்தத் துப்பறியற அம்மா அவர் வீட்டுக்குப் போயிருக்காங்க. திரும்பறப்ப கையெழுத்தோட வந்திருக்காங்க. மிரட்டி வாங்கின கையெழுத்து செல்லாது. விதி அப்படி."

"ரெண்டு மைல் நடந்ததுல இன்னும் கால் வலிக்குதா உனக்கு?" என்றாள் வெர்னா.

சுத்தியல் விழுந்தது. "மிஸஸ் லிபி, அங்க என்ன நடந்தது?"

"நான் மிரட்டலை."

"பின்ன எதுக்காக மனசு மாறினார்?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"உங்க உதவியாளர்?"

எல்லாரும் ரெமியைப் பார்த்தார்கள். ரெமி குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினான்.

"அப்ப என்னால இதை ஏத்துக்க முடியாது," என்றாள் நோரா. "காரணம் தெரியாத கையெழுத்து. வெர்னா, என்னை மன்னிக்கணும். சனிக்கிழமைக்குள்ள ஷெட்டை..."

வெர்னா கத்தவில்லை. அதுதான் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. மடியில் வைத்திருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். வாழ்நாளெல்லாம் சத்தம் போட்ட ஒருத்தி, வீட்டைப் பூட்டும் சாவியை இப்போதே தேடுகிறவள்போல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நான்தான் அந்தத் தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினேன்," என்றார் ஆல்டன்.

"ஒத்துக்கிட்டான்!" வெர்னாவின் குரல் திரும்ப வந்துவிட்டது. "கேட்டீங்களா? பாவி!"

"வேணும்னேவா?" என்றாள் நோரா.

ஆல்டன் தொப்பியைக் கழற்றினார். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேரோடு அவர் தினமும் காலையில் காப்பி குடிக்கிறவர். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"காத்து பிச்சுடுச்சு. நான் போய்க் கட்டினேன். விறகுக்குக் கட்டற மாதிரி. மேல மூடி, பக்கத்தைத் திறந்து விட்டு. காத்தோட்டமா இருக்கட்டும்னு." தொப்பியைத் திருகினார். "பையில துளை இருக்கும்னு எனக்குத் தெரியாது."

பின்வரிசையில் ஒருவன் மூக்கால் சிரித்தான். அது அடுத்தவனுக்குத் தொற்றியது. "காத்தோட்டமாவா!" என்று யாரோ சொன்னார்கள். "ஆல்டன், என் சர்க்கரை மூட்டையையும் கொஞ்சம் காய வெச்சுக் குடேன்!" கூடம் முழுக்கச் சிரிப்பு. போர்டில் இருவர் காகிதத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். ஆல்டன் காது சிவக்க, நின்ற இடத்திலேயே நின்றார்.

வெர்னா மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு உதவியா பண்ணின?" என்றாள்.

"உனக்கு இல்ல!" என்று சீறினார் ஆல்டன். "சரக்குக்கு! மரம் கெடறதைப் பார்த்துக்கிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன். யார் வீட்டு மரமா இருந்தாலும். யாரும் என்னை மிரட்டலை. கெடுத்தவன் நான். அதனால கையெழுத்துப் போட்டேன். எழுதிக்கோ கேலன், நல்லா எழுதிக்கோ!"

கேலன் எழுதவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

நோரா சுத்தியலைத் தட்டித் தட்டிச் சிரிப்பை அடக்கினாள். "ஒம்பது அடிக்கு விதிவிலக்கு. ஆதரவா கை தூக்குங்க."

மூன்று கைகள் உடனே எழுந்தன. நான்காவது கைக்குச் சொந்தக்காரர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்து பேரில் மூன்றே போதும்.

*

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆல்டன் தன் லாரிக் கதவைத் திறந்தபோது, வெர்னா குறுக்கே வந்து நின்றாள். ஹெஸ்டர் ரெமியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஹாஸ்கெல்."

"நகரு. வண்டி எடுக்கணும்."

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்குக் கடைக்காரன் லாரி வருது. நூறு பை. ஷெட்டுக்குள்ள அடுக்கணும்."

"அதுக்கு?"

"நீதான் அடுக்கற. திங்கக்கிழமை தூக்கினதுல எனக்கு இடுப்பு போச்சு."

ஆல்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"கடைக்காரனை ஏழு மணிக்கு வரச் சொல்லு."

"ஏழு மணிக்கு நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்!"

"அதுக்குத்தான் சொல்றேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டார் ஆல்டன் ஹாஸ்கெல்.